விமானக் கட்டணமும் நஷ்டஈடும்: நம் விதியா, ஐரோப்பிய விதியா?

முதலில் விலை. வரி, கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை எடுத்த எடுப்பிலேயே காட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவில் 2008-ல் வந்த விதி. கூடுதல் சேவைக்கு விமான நிறுவனங்கள் தாங்களாகவே டிக் அடித்து வைக்கக் கூடாது. நம் ஊரிலும் சீட் தேர்வு, சாப்பாடு போன்றவற்றைப் பயணி கேட்டால்தான் சேர்க்கலாம் என்கிறது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ. 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டக் கூடாது என்றது. ஆனாலும் பல தளங்களில் பணம் கட்டப்போகும் நேரத்தில்தான் ‘கன்வீனியன்ஸ் ஃபீ’ வந்து நிற்கிறது. சீட் தேர்வு செய்யும் பக்கத்தில் காசு கேட்கும் கட்டங்கள் கலர் கலராக இருக்கும். வேண்டாம் என்று தாண்டிப் போகும் பட்டனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விதி இருந்தும் இப்படி நடப்பதை ஏற்கவே முடியவில்லை.

பெட்டி விஷயத்தில் நம் நிலைமை பரவாயில்லை. பொதுவாக 7 கிலோ கைப்பை டிக்கெட்டிலேயே அடக்கம். ஐரோப்பாவின் மலிவு விமானங்கள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டும்தான் இலவசம். கைப்பெட்டிக்குக் காசு வாங்கியது உள்ளிட்ட புகார்களுக்காக ஸ்பெயின் 2024-ல் ஐந்து நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது.

சரி, விமானம் தாமதமானால்? எனக்கு இதுதான் முக்கியம். ஐரோப்பாவின் 261/2004 விதியும் 2009-ல் வந்த நீதிமன்றத் தீர்ப்பும் சேர்ந்து, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே பணம் என்றாக்கின. தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை. டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் இதே தொகை. மோசமான வானிலை போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. வழக்கமான இயந்திரக் கோளாறுக்குக் கிடையாது.

நம் விதியில் தாமதத்துக்கு ரொக்கம் இல்லை. காத்திருக்கும்போது சாப்பாடு, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் 5,000 முதல் 10,000 ரூபாய். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகைதான். அமெரிக்காவிலும் தாமதத்துக்கு நஷ்டஈடு கிடையாது, தாமதம் ரொம்ப அதிகமாகிப் பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்பும், அவ்வளவுதான்.

அதனால் சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் போகிறவர்கள், கட்டணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஐரோப்பிய நிறுவனத்தில் போடுங்கள். இந்திய நிறுவனத்தில் போனால் போகும் வழிக்கு 261 பொருந்தாது. திரும்பி வரும்போது எந்த நிறுவனமானாலும் பொருந்தும்.