செல்லுலைட் கிரீம்: ஒரு தொடையில் கிரீம், மறு தொடையில் வெறும் லோஷன்

தொடையில் குழி குழியாகத் தெரியும் செல்லுலைட்டுக்காக, கேஃபீனும் ரெட்டினாலும் (வைட்டமின் ஏ வகை) கலந்த கிரீம் ஒன்றை ஒரு வருஷத்துக்கு மேலாகத் தேய்த்து வந்தேன். வலது தொடையில் கிரீம், இடது தொடையில் வாசனை இல்லாத சாதாரண லோஷன். இரண்டுக்கும் ஒரே நேரம், ஒரே மாதிரி தேய்ப்பு. இப்படிப் பார்க்காமல் பலன் தெரிகிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை. எந்த லோஷனாக இருந்தாலும் தோல் ஈரம் பிடித்து லேசாக உப்பும், சில மணி நேரம் வழவழப்பாகவே தெரியும்.

அளப்பதுதான் பெரிய பாடு. விளம்பரங்கள் இத்தனை சென்டிமீட்டர் குறைந்தது என்கின்றன. தொடைச் சுற்றளவு வேறு, செல்லுலைட் வேறு. தோலுக்கு அடியில் இருக்கும் நார்ப்பட்டைகள் கீழே இழுக்க, நடுவில் உள்ள கொழுப்பு மேலே பிதுங்குவதால் விழும் குழி அது, ஒல்லியானவர்களுக்கும் உண்டு. மாதவிடாய்க்கு முன் உடம்பில் நீர் தங்கினாலே இஞ்சு டேப் வேறு கணக்குச் சொல்லும். டேப்பை நான் ஒதுக்கிவிட்டேன்.

படம்தான் சரி, ஆனால் வெளிச்சம் ஏமாற்றும். காரைக்குடியில் எங்கள் வீடு பழைய காலத்து வீடு. வளவில், அதாவது நடுமுற்றத்தில், வெயில் நேரத்துக்கு நேரம் மாறும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் இன்றும் பளபளக்கிறது. அதன் பக்கத்தில் நின்றால் வெளிச்சம் திருப்பி அடித்துக் குழியின் நிழலையே அழித்துவிடும். அதனால் உள் அறையில் சன்னலைச் சாத்தி, பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு. தரையில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் இருப்பது நல்லதாய்ப் போயிற்று: குதிகால் இரண்டும் எப்போதும் அதே இரண்டு பூக்களின் நடுவில், போன் வைத்த ஸ்டூல் அதே வரிசைக் கல்லில். படம் எடுக்கும் நாள் காலை எதையும் தேய்ப்பதில்லை.

தேதி தெரியாமல் கலைத்துப் போட்டு அக்காவிடம் காட்டினேன். "எதுடி முன்னாடி எடுத்தது? எல்லாம் ஒண்ணு போலத்தானே இருக்கு" என்றாள். கடைசிச் சில மாதப் படங்களில் மட்டும் வலது பக்கம் கொஞ்சம் மழமழப்பு என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ரெட்டினால் மேல்தோலுக்கு அடியில் உள்ள அடுக்கை மெல்ல மெல்லத் தடிப்பாக்கும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதோடு இது ஒத்துப்போகிறது. கேஃபீன் கொழுப்புச் செல்லுக்குள் உள்ள கொழுப்பைக் கரைக்கத் தூண்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் சரி. ஆனால் நார்ப்பட்டையை எந்தக் கிரீமும் அறுக்காது.

செல்லுலைட் எவ்வளவு என்று சொல்ல, 1978இல் நூர்ன்பெர்கர், முல்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த 0 முதல் 3 வரையான நிலைகள் இன்றும் பயன்படுகின்றன. கிள்ளினால் மட்டும் குழி தெரிந்தால் 1; நின்றால் தெரிந்து படுத்தால் மறைந்தால் 2; படுத்தாலும் தெரிந்தால் 3. எனக்குத் தொடங்கும்போதும் 2, இப்போதும் 2. தோல் மென்மையானது உண்மை, நிலை மாறவில்லை. கொடுத்த காசுக்கு இது எனக்குப் போதவில்லை. குழாய் தீர்ந்ததும் திரும்ப வாங்கவில்லை.

சித்திரை வெயிலில் பிசுபிசுப்பு அதிகம், இரவில் தேய்ப்பதே தேவலை. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால் கலந்த எதையும் தொட வேண்டாம். மற்றவர்கள் வாங்குவதானால், முதல் நாளே இரண்டு தொடையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.