புல்மாஸ்டிஃப் நாய் வைத்திருப்பவர்களே, 'காவல் பயிற்சி' என்று வருபவரிடம் உஷார்

சிங்கப்பூரில் தரைவீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது. வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீடு) எப்படியும் புல்மாஸ்டிஃப் வளர்க்க அனுமதி இல்லை.

"உங்க நாய் குரைக்கவே மாட்டேங்குதேண்ணே, திருடன் வந்தா வாலாட்டும் போல" என்று ஒருவர் பேச்சை ஆரம்பிப்பார். தன் இடத்தில் தங்கவைத்துக் காவலுக்குப் பழக்கித் தருகிறேன் என்பார். எங்களிடம் அப்படித்தான் 2,400 வெள்ளி வாங்கினார்.

இந்த நாய் குரைக்காதது குறையே இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெரிய எஸ்டேட்டுகளில் இரவில் திருட்டு வேட்டைக்கு வருபவர்களைப் பிடிக்க, மாஸ்டிஃபையும் புல்டாக்கையும் கலந்து உருவாக்கிய இனம் இது. குரைத்தால் வந்தவன் ஓடிவிடுவான். அதனால் சத்தமில்லாமல் நெருங்க வேண்டும், ஆளைக் கீழே தள்ளி, கடித்துக் குதறாமல் அமுக்கி வைத்திருக்க வேண்டும். 1924இல் அங்கு நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. எங்கள் பையனும் அந்த ரகம்தான். பார்சல்காரர் வந்தால் கேட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் போய் நிற்பான், அவ்வளவுதான். 55 கிலோ உடம்பு, நின்றாலே போதாதா?

அந்த ஆள் செய்த 'பயிற்சி' என்ன தெரியுமா? கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, பிரம்பால் சீண்டிச் சீண்டிக் கடிக்க விடுவது. அதுவும் நட்டநடு வெயிலில்! முகம் குட்டையான நாய், நம் ஊர்ப் புழுக்கத்தில் சும்மா நடந்தாலே மூச்சிரைக்கும். கூட்டிவரப் போனபோது நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்கியது, பின்னங்கால் தள்ளாடியது. நேராகக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். வெப்பத் தாக்கு என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார். அந்தச் செலவு தனி.

இப்போது யாராவது குடையை விரித்தாலும் பாய்கிறான். முன்பு அண்டை வீட்டு ஆச்சியின் காலடியில் தூங்கியவன்.

அவர் சொன்ன இன்னொரு பொய்யும் உண்டு. சிங்கப்பூரில் புல்மாஸ்டிஃப் தனிக் கட்டுப்பாடுகள் உள்ள இனம். வெளியே போனால் கயிறும் வாய்மூடியும் கட்டாயம், கீழ்ப்படிதல் பயிற்சியும் வேண்டும். தன் வகுப்பே அந்தப் பயிற்சிக்குப் போதும் என்றார், அதுதான் பொய். நாய் உரிமம் தரும் அரசு அமைப்பான ஏவிஎஸ் அங்கீகரித்த பயிற்சியாளர் பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன், இல்லை. சரி, கடிக்கத் தூண்டுவது எந்த ஊரில் கீழ்ப்படிதல்?

பணத்தைக் கேட்டால் போனை எடுப்பதில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே எடுப்பார்கள், வக்கீல் வேண்டாம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்களும் அவரிடம் கட்டியிருந்தால் பணம் அனுப்பிய பேநவ் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.