கவிதை நாடகத்துக்கு யார்: புரூனோவா, கலிலியோவா?

மதவிரோதி எனக் குற்றம் சாட்டப்பட்ட சிந்தனையாளரைப் பற்றிக் கவிதை நாடகம் எழுத நினைத்தால், முதலில் மனதில் வருபவர்கள் இந்த இருவர்தான்.

கலிலியோவின் கதை எல்லோருக்கும் தெரியும். 1633-இல் ரோமில் விசாரணை, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை மண்டியிட்டுக் கைவிட்டது, 1642-இல் இறக்கும்வரை வீட்டுக்காவல். தொலைநோக்கியும் சான்றுகளும் நிறைந்த அந்த வழக்குக்கு உரைநடையே பொருத்தம் என்று தோன்றுகிறது.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியத் தத்துவவாதி ஜியோர்தானோ புரூனோ அப்படியல்ல. அவரே லத்தீனில் கவிதை எழுதியவர். எல்லையற்ற பிரபஞ்சம், எண்ணற்ற உலகங்கள் என்று அவர் பேசியதே பாதி கவிதை. 1592-இல் வெனிஸில் கைதாகி, ஏறக்குறைய எட்டு ஆண்டு சிறையில் கிடந்தும் பணியவில்லை. தீர்ப்பைக் கேட்கும் தன்னைவிட அதைச் சொல்பவர்களுக்கே அச்சம் அதிகம் என்று நீதிபதிகளிடம் அவர் சொன்னதாக அக்காலக் கடிதம் ஒன்று கூறுகிறது. அந்த வரிக்காகவே ஒரு காட்சி எழுதலாம்! 1600 பிப்ரவரி 17 அன்று, ரோமின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில், நாவைக் கட்டிவிட்டுத்தான் எரித்தார்கள்.

சரி, பேச முடியாத நாயகனுக்குக் கடைசிக் காட்சியில் யார் குரல் கொடுப்பது? சுற்றி நிற்கும் கூட்டம்தான். முதலில் வசை, அப்புறம் முணுமுணுப்பு, கடைசியில் அவருடைய வரிகளே அவர்கள் வாயில். உரைநடையில் இது நம்பும்படி வராது. நான் புரூனோவைத்தான் எடுப்பேன்.