ஐநூறு ரூபாய் ஓபிடி ஸ்கேனர்: பழைய டீசல் கார் பார்க்கப் போகிறவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஆன்லைனில் ஈஎல்எம்327 என்று தேடினால் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீல நிற டப்பா ஒன்று 500 ரூபாய் சொச்சத்துக்கு வந்து நிற்கும். ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிற 16 பின் சாக்கெட்டில் (வண்டியின் கோளாறைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட்) அதைச் செருகி, ப்ளூடூத்தில் போனோடு இணைத்து, கார் ஸ்கேனர் அல்லது டார்க் ஆப்பைத் திறந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசலாம். செக் இன்ஜின் லைட் எரியும்போது பதிவாகும் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), படிப்பதற்கு என்றுதான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். பழைய டீசல் கார் விஷயத்தில் இதன் மிகச் சாதாரணமான வேலை அதுதான். கொடுத்த காசுக்கு மேலே இது சம்பாதித்துத் தருவது லைவ் டேட்டா, அதாவது இன்ஜின் அளவுகளை அப்போதைக்கப்போதே காட்டும் பக்கத்தில்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. டப்பாவில் 'வி1.5' என்று போட்டிருந்தால் அது நகல் என்பதற்கு அதுவே சாட்சி. இந்தச் சிப்பை உருவாக்கிய கனடாவின் ஈஎல்எம் எலெக்ட்ரானிக்ஸ் 1.4பி-யிலிருந்து நேராக 2.0-வுக்குப் போய்விட்டது, 1.5 என்று ஒன்று வெளிவரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், நகல்களுக்குள் 1.5 என்று வருபவைதான் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கின்றன. 2.1 என்று வருகிற குட்டி டப்பாக்களில் பல கட்டளைகள் விடுபட்டிருக்கும், சில வண்டிகளோடு பேசவே பேசாது. விளம்பரத்தில் பிஐசி18எஃப்25கே80 சிப் என்று குறிப்பிட்டிருந்தால் நம்பி எடுக்கலாம். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் மாடலை வாங்கினால் காசு தண்டம். அவர்களுக்கு வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சார ப்ளூடூத்) மாடல்தான் சரி. ஆண்ட்ராய்டில் இணைக்கும்போது கேட்கும் எண் 1234, இல்லையென்றால் 0000.

இந்தியாவில் ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய காமன் ரெயில் (டீசலைப் பீய்ச்சும் எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும்) வண்டிகளிலும் சாக்கெட் இருக்கும், ஆனால் எல்லா அளவுகளும் வராது. மாருதி டிடிஐஎஸ், டாடா குவாட்ராஜெட், ஃபியட் மல்டிஜெட் என்று பல பெயரில் ஓடுகிற 1248 சிசி 'தேசிய இன்ஜின்' முதல் நம்மூர் டாக்ஸி ஸ்டாண்ட் இன்னோவா வரை, கீழே சொல்லும் கணக்கு பெரும்பாலும் பொதுவானது.

புரோக்கர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற வண்டியை முன்கூட்டியே ஓடவிட்டுக் கொண்டுவந்திருக்கலாம். டப்பாவைச் செருகி, சாவியை ஆன் மட்டும் செய்து, ஆப்பில் 'டிஸ்டன்ஸ் சின்ஸ் கோட்ஸ் கிளியர்டு' என்கிற வரியைத் தேடுங்கள். கோடை அழித்ததிலிருந்து வண்டி ஓடிய கிலோமீட்டர் அது. 90,000 ஓடிய வண்டியில் அங்கே 7 கி.மீ. என்று இருந்தால், டேஷ்போர்டில் லைட் எரியவில்லை என்பதற்கு ஒரு மரியாதையும் கிடையாது: இன்று காலையில்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் இந்த எண் பூஜ்யமாகும். அதனால் பேட்டரி புதிதா, பில் எங்கே என்று கேளுங்கள். பேட்டரி பழையதாகவும் எண் புதிதாகவும் இருந்தால் விலை பேசவே வேண்டாம். இந்த ஒரு வரிக்காகவே 500 ரூபாய் கொடுக்கலாம்.

சாவி ஆனில் இருக்கும்போதே இன்னும் மூன்று எண்கள். மேனிஃபோல்ட் பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். சென்னையில் 100 அல்லது 101 கிலோபாஸ்கல், ஊட்டியில் 77 அளவில். சென்னையில் நின்றுகொண்டு 85 காட்டினால் சென்சாரோ வயரிங்கோ பொய் சொல்கிறது. ஃப்யூயல் ரெயில் பிரஷர் (அந்தப் பொதுக் குழாயிலுள்ள டீசலின் அழுத்தம்) ஏறத்தாழ பூஜ்யத்தில் இருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டி 200 பார் காட்டினால் ரெயில் சென்சார் கோளாறு. ஆப் இதைக் கிலோபாஸ்கலில் காட்டும்; 100-ஆல் வகுத்தால் பார். பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது.

இப்போது ஸ்கிரீனில் ஆர்பிஎம், ரெயில் பிரஷர் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பத்து அளவுகளை ஒன்றாகப் போட்டால் இந்த மலிவு டப்பா திணறும், எண்கள் இரண்டு மூன்று நொடி தாமதமாக வரும். செல்ஃப் சுற்றுகிறது, ஆர்பிஎம் பூஜ்யத்திலேயே நிற்கிறது என்றால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை அளப்பது) அல்லது அதன் கனெக்டர் கோளாறு. சூடானபின் ஸ்டார்ட் ஆகாமல் அரை மணி ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வரவேண்டும். ஆர்பிஎம் 200, 250 வருகிறது, ரெயில் பிரஷர் 150 பாரைத் தாண்டவில்லை என்றால் டீசல் வரத்தில் பிரச்சினை. அந்த அழுத்தத்தில் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்காது. செல்ஃப் அடிக்கும்போது ஆப்பே துண்டித்துக்கொண்டால் வோல்ட்டேஜ் அதலபாதாளத்துக்குப் போகிறது, பேட்டரியையும் எர்த் கேபிளையும் பாருங்கள். ஸ்டார்ட் ஆனபின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) 250 முதல் 350 பார் வரை ஆடாமல் நிற்பது ஆரோக்கியம்.

ரெயில் பிரஷர் குறைவு என்று சொல்லும் பி0087 கோடு வந்தால் பல ஒர்க்‌ஷாப்களில் முதலில் வாயிலிருந்து வரும் வார்த்தை 'ஹை பிரஷர் பம்ப் போயிடுச்சு சார்'. பல ஆயிரம் செலவாகும் தீர்ப்பு அது. வரிசையாகப் போனால் பாதி வண்டிகள் பம்பைத் தொடாமலே சரியாகும். முதலில் டீசல் ஃபில்டர்: அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் வடியுங்கள். டீசல் மேலே மிதந்து அடியில் தண்ணீர் தனியாக நின்றால் அதுவே காரணமாக இருக்கலாம். வடித்ததோடு விடாமல் ஃபில்டரை மாற்றுங்கள். உலோகத் தூள் மினுமினுத்தால் மட்டும் பயப்படுங்கள். அது பம்ப் உள்ளே தேய்ந்து உதிர்ந்த உலோகம். பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் கழுவுதல் என்று எல்லாம் சேர்ந்த செலவு. அடுத்து, டேங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டியில் சாவி போட்டதும் பின்சீட்டுக்கு அடியில் சில நொடி 'ஊம்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃப்யூஸ், ரிலே, பிறகு பம்ப். மின்பம்ப் இல்லாமல் உறிஞ்சி எடுக்கும் வண்டியில் ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவே ஒரு அடி நீளத்துக்கு உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை மாட்டினால் குமிழி ஓடுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். குமிழி ஓடினால் எங்கோ ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருக்கிறது, காற்று இழுக்கிறது.

இவ்வளவும் சரி என்றால் பாட்டில் டெஸ்ட். இந்த இடத்தில் ஸ்கேனருக்கு வேலை இல்லை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் (மீதி டீசல் திரும்பும்) முனைகளைக் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு சிறு பாட்டில்களில் டியூப் விட்டு, கழற்றிய ரிட்டர்ன் குழாயின் வாயை அடைத்துவிட்டு, சூடான இன்ஜினை 3 நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். நான்கிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் இருக்க வேண்டும். மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு நிறைந்திருக்கும் பாட்டிலுக்கு உரிய இன்ஜெக்டர்தான் ரெயிலின் அழுத்தத்தைக் குடிக்கிறது. ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஓடுகிற இன்ஜினில் தொடவே கூடாது. ஊசி முனைக் கசிவுகூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய மெக்கானிக்கல் பம்ப் காலத்துப் பழக்கத்தில் நட்டைத் தளர்த்தி 'எந்த சிலிண்டர் அடிக்கலைன்னு பாக்குறேன்' என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். இன்ஜெக்டரை மாற்றினால் அதன் தலையில் பொறித்திருக்கும் கோடைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லும் வண்டிகள் உண்டு. நம் நீல டப்பாவால் அது முடியாது.

பிக்கப் இல்லை, கரும்புகை, பி0299 என்றால் டர்போ போதிய காற்றைத் தரவில்லை. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எண்ணைப் படிக்கச் சொல்லி, காலியான சாலையில் மூன்றாம் கியரில் 1500-லிருந்து முழுமிதி மிதித்து 3000 வரை போங்கள். மேனிஃபோல்ட் பிரஷர் 200 கிலோபாஸ்கலைத் தாண்டினால் டர்போ உயிரோடு இருக்கிறது. 130, 140-லேயே நின்றால் முதலில் இன்டர்கூலர் ஹோஸ். அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாகப் படிந்திருக்கும் கிளிப்தான் கசியும் கிளிப். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மடக்கிப் பார்த்தால் வளைவின் உள்பக்கம் வெடித்திருக்கும். சில நூறிலோ ஓரிரு ஆயிரத்திலோ முடிகிற வேலை. விஜிடி (உள்ளே இறக்கைகளின் கோணம் மாறும்) டர்போ என்றால் வேக்குவம் குழாயைப் பாருங்கள்: இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆக்சுவேட்டர் கம்பி இழுத்துக்கொள்ள வேண்டும், நிறுத்தியதும் திரும்ப வேண்டும். இறுகி நின்றால் உள்ளே புகைக்கரி. இவற்றுக்குப் பிறகே டர்போவின் ஷாஃப்ட்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலே அது முடிந்தது.

பி0401 வந்தால் பெரும்பாலும் ஈஜிஆர் வால்வில் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புவது) கரி அடைப்பு. கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, புது கேஸ்கெட் போட்டால் பெரும்பாலும் தீரும். தகடு வைத்து அடைத்துவிடலாம் என்பார்கள். புகை விதிக்கும் விரோதம், கோடும் திரும்பி வரும்.

ஹீட்டர் பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றுவது) கோளாறு சமவெளியில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். சென்னை வண்டியைக் கொடைக்கானல் குளிரில் நிறுத்தி எழுந்தால்தான் வெண்புகையும் உதறலும் வெளியே வரும். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றும் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாதது அறுந்தது. தெர்மோஸ்டாட்டையோ ஸ்கேனர் சுலபமாகப் பிடித்துவிடும்: இருபது நிமிடம் ஹைவேயில் ஓடியும் கூலன்ட் 60, 65-ஐத் தாண்டவில்லை என்றால் அது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. மீட்டரில் முள் இல்லாத வண்டிகளில் ஓனருக்கே இது தெரியாது, மைலேஜ் குறைந்ததென்று பெட்ரோல் பங்க்கைத் திட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்கேனருக்குக் காது கிடையாது. 1.3 மல்டிஜெட்டில் டைமிங் செயின் தளர்ந்தால், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆன முதல் இரண்டு மூன்று நொடி 'கரகர' என்று ஒரு சத்தம். செயினின் டைமிங் தப்பியதைச் சொல்லும் பி0016 கோடு வரும்போது காரியம் கைமீறும் கட்டத்தில் இருக்கும். அந்த இன்ஜினுக்கு ஆயில் 3 லிட்டர் சொச்சம்தான். மாற்றத் தாமதித்தால் முதலில் அடிவாங்குவது செயினும் டென்ஷனரும் டர்போவும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து வைத்தால் அது துள்ளி விழுகிறதா, புகை குபுகுபுவென வருகிறதா என்பதும் கண்ணால் பார்க்க வேண்டியதே; அது இன்ஜின் உள்ளே தேய்ந்ததன் அடையாளம். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைப் பொது ஆப் பெரும்பாலும் காட்டாது. பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப்பில் (புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் ஃபில்டர்) கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதும் அநேக மாடல்களில் வராது. ஊருக்குள்ளேயே ஓடிய பிஎஸ்6 டீசல் என்றால் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி, டீசல் வாடை அடித்தால், அந்த ஃபில்டரின் கரியை எரிக்கும் சுத்திகரிப்பு பாதியில் நின்றுபோய், அதற்கான டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு அந்த பிராண்டின் சொந்த ஸ்கேனர் உள்ள இடத்தில் 1,000 ரூபாய் கொடுத்துப் பார்ப்பது வீண் செலவாகாது.

குறைகளில் எரிச்சலூட்டுவது ஒன்று: சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி இல்லாமலும் கரன்ட் வரும். டப்பாவை மறந்து செருகியபடி விட்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனால், வயதான பேட்டரி படுத்துவிடும். இன்னொன்று ஆப்பில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற 'கிளியர்' பொத்தான். அதைத் தொடுமுன் கோடையும், அது விழுந்த நேரத்து வேகம், ஆர்பிஎம், சூடு எல்லாம் பதிந்திருக்கும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மேடு ஏறும்போது 2,800 ஆர்பிஎம்மில் விழுந்த பி0087-க்கும், காலையில் ஐடிலில் விழுந்த பி0087-க்கும் மெக்கானிக் தேட வேண்டிய இடம் வேறு.