டி-ஷர்ட்டிலிருந்து தொப்பிக்கு: எம்பிராய்டரி மெஷினுக்கான மாற்று பிரேம் கருவிகள், ஒரு மதிப்புரை

திருப்பூரில் எம்பிராய்டரி என்றால் பெரும்பாலும் கட்டிங் பீஸில் போடுவதுதான். எக்ஸ்போர்ட் ஆர்டரில் முன்பக்கத் துணி வெட்டி வந்ததும், அதை பார்டர் பிரேம் எனும் பெரிய சட்டத்தில் விரித்து, ஒரே டிசைனை ஆயிரக்கணக்கில் ஓட்டி, பிறகு தையலுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்டர் முடியும்வரை மெஷினில் இருக்கும் பிரேமைக் கழற்ற வேண்டிய அவசியமே வராது. ஆனால் ஒரு ஹெட் (ஊசிகள் உள்ள தைக்கும் தலை), இரண்டு ஹெட் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்களின் நிலைமை வேறு. கல்லூரி டி-ஷர்ட், கம்பெனி யூனிபார்ம் போலோ, ஹோட்டல் ஏப்ரன், பள்ளிப் பை, விளம்பரத் தொப்பி என்று தைத்து முடித்த சரக்காகவே வரும். ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு பீஸ்தான் இருக்கும். அங்கே தையல் ஓடும் நேரத்துக்கு இணையாக, ஒரு சரக்கிலிருந்து இன்னொன்றுக்கு மெஷினை மாற்றும் நேரமும் காசைத் தின்கிறது. எங்கள் யூனிட்டில் 15 ஊசி, ஒற்றை ஹெட் மெஷினில் பயன்படுத்திவரும் காந்த வளையம், 8-இன்-1 செட், தொப்பிக்கான கேப் செட் என்ற மூன்று வகை மாற்றுக் கருவிகளைப் பற்றி, அவற்றை வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், மாற்றம் என்பதில் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். டி-ஷர்ட் போடும்போது மெஷினின் உருளை போன்ற கைக்கு இரு பக்கமும் இரண்டு ஆர்ம்கள் நீண்டிருக்கும். வட்ட அல்லது சதுர வளையம் அவற்றில் செருகிக்கொள்ளும். சட்டையின் பின்பக்கம் கைக்கு அடியில் தொங்கும். தொப்பிக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஆர்ம்களைக் கழற்றி, டேபிள் பலகை இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, தொப்பி பிரேமைத் தாங்கித் திருப்பும் கேப் டிரைவரைக் கைமேல் செருகி, பின்னால் ஓடும் சட்டத்தோடு ஸ்க்ரூவால் இணைக்க வேண்டும். பிறகு பேனலில் பிரேம் வகையை மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் டிசைன் தலைகீழாக வந்து நிற்கும், ஏனென்றால் தொப்பி மெஷினில் உட்காரும் திசைக்கு ஏற்ப டிசைனை 180 டிகிரி திருப்பித்தான் ஓட்டுகிறோம். இத்தனையும் செய்து, முதல் பீஸ் ஒன்றை ஓட்டிப் பார்த்து, இடம் சரியாக விழுகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் மாற்றம் முடிந்ததாகக் கணக்கு. கழற்றி மாட்டும் வேகத்தை மட்டும் காட்டி விற்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியைப் பேசுவதில்லை. என் பார்வையில் ஒரு மாற்றுக் கருவியின் தரம், கழற்றி மறுபடி மாட்டும்போது பழைய இடத்துக்கே பிசகாமல் வந்து உட்காருகிறதா என்பதில்தான் இருக்கிறது.

காந்த வளையத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்றில் இதற்கு மட்டும்தான் தயக்கமில்லாமல் காசு கொடுக்கலாம். அமெரிக்காவின் மைட்டி ஹூப் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். அதே அமைப்பில் வேறு பலரும் செய்து விற்கிறார்கள். மெஷினோடு வரும் பச்சை அல்லது வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தில், துணியின் தடிமனுக்கு ஏற்ப வெளிவளையத்தின் ஸ்க்ரூவை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும். போலோவுக்கு வைத்த இறுக்கம் ஹூடிக்குப் போதாது, வளையம் உள்ளே இறங்கவே இறங்காது. ஹூடிக்கு வைத்தது மெல்லிய சிங்கிள் ஜெர்சி பனியன் துணியில் நழுவும். காந்த வளையத்தில் அந்த வேலையே இல்லை. கீழ்வளையத்தின் மேல், துணிக்கு அடியில் தாங்கலாகப் போடும் பேப்பரை வைத்து, சட்டையை இழுத்து நேராக்கி, மேல்வளையத்தை இறக்கினால் துணி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் காந்தம் தானாகவே பிடித்துக்கொள்கிறது. டி-ஷர்ட்டிலிருந்து ஜாக்கெட்டுக்கும், ஜாக்கெட்டிலிருந்து டர்க்கி டவலுக்கும் போவதற்கு எதையும் திருக வேண்டியதில்லை. கறுப்பு, நேவி நிற பிக்கே போலோவில் பிளாஸ்டிக் வளையம் விட்டுச்செல்லும் பளபளப்பான வட்டத் தடமும் பெருமளவு குறைந்துவிட்டது. முன்பு அதை ஸ்டீம் அயர்னில் எடுப்பதற்கென்றே ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது.

இடது மார்பு லோகோவுக்கு 5.5 அங்குல சதுர அளவே போதும். கூடவே கிடைக்கும் பலகையையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. தோள் தையலிலிருந்து 7 முதல் 9 அங்குலம் கீழே என்று பொதுவாக வைக்கும் இடத்தை, சைஸுக்குத் தகுந்தபடி பலகையில் ஒருமுறை குறித்துவிட்டால், ஒவ்வொரு சட்டையிலும் சாக்பீஸ் கோடு போட வேண்டியதில்லை. பலகை இல்லாமல் வளையத்தை மட்டும் வாங்கியவர்கள் பாதிப் பலனைத்தான் பெறுகிறார்கள்.

குறைகளும் உண்டு. வளையத்தின் விளிம்பு உயரமாக இருப்பதால் டிசைனை ஓரம் வரை கொண்டுபோக முடியாது. ஊசி வளையத்தில் மோதினால் ஊசி உடைவதோடு நிற்காமல் ஹூக் டைமிங்கும் (ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சந்திக்கும் நேரம்) தவறிவிடலாம். அதனால் ஒவ்வொரு புது டிசைனுக்கும் ட்ரேஸ் (தைக்காமல் டிசைனின் எல்லையை மட்டும் சுற்றிக் காட்டுவது) ஓட்டிப் பார்த்த பிறகே ஸ்டார்ட் அழுத்த வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறோம். லைக்ரா கலந்த மெல்லிய துணி ஓரங்களில் கொஞ்சம் உள்ளே இழுபடுகிறது. தைத்த பிறகு கத்தரித்து எடுக்கும் கட்-அவே பேப்பரை வளையத்தைவிடப் பெரிதாக வெட்டிப் போட்டால் அது கட்டுப்படும். பெரிய அளவு வளையங்கள் கனமானவை, அவற்றை முழு வேகத்தில் ஓட்டுவது மெஷினுக்கு நல்லதல்ல. காந்தத்தின் பிடி கடுமையானது. விரல் இடையில் மாட்டினால் ரத்தம் கட்டிவிடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களை இதன் அருகே வேலைக்கு விடவே கூடாது. இந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அச்சாகி வருகிறது, படிப்பவர் யாரும் இல்லை. ஆகவே முதலாளிதான் வாயால் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது, 8-இன்-1 என்ற பெயரில் விற்கப்படும் பிரேம் செட். மெஷின் சட்டத்தோடு ஒரு தாங்கியை மட்டும் பொருத்திவிட்டு, அதில் வெவ்வேறு வடிவ உலோகச் சட்டங்களை மாற்றி மாற்றிச் செருகுவதுதான் இதன் அமைப்பு. பாக்கெட், சட்டைக் கை, காலர் முனை, பையின் மூடி, காலணி என்று வளையம் நுழையாத இடங்களுக்கெல்லாம் ஒரு சட்டம் இருக்கிறது. சட்டத்தின் அடியில் பசை பேப்பரை ஒட்டி, அதன்மேல் துணியை அழுத்தி வைத்து ஓட்ட வேண்டும். துணியை எதுவும் கவ்விப் பிடிப்பதில்லை, பசைதான் பிடிக்கிறது.

தைத்து முடித்த சட்டையில் பாக்கெட்டின் தையலைப் பிரிக்காமலேயே பெயர் போட இதைவிட எளிய வழி இல்லை. ஹோட்டல், மருத்துவமனை யூனிபார்ம்களில் பெயர் போடும் வேலை அடிக்கடி வருகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கலாம். ஆனால் விற்பவர் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. பசை பேப்பர் சாதாரண பேப்பரைவிட விலை கூடுதல். ஒவ்வொரு பீஸுக்கும் புதிதாக ஒட்டாமல், கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டு ஓட்டினாலும் செலவு ஏறத்தான் செய்கிறது. பசை ஊசியில் ஏறிப் படிகிறது. படிந்ததும் நூல் அறுபடத் தொடங்குகிறது. ஊசியை அவ்வப்போது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடர்த்தியாக நிரப்பும் டிசைனில் துணி பசையிலிருந்து மெல்லப் பெயர்ந்து, அவுட்லைன் ஒரு பக்கமாக விலகிப் போகிறது. பெயர், சிறிய லோகோ, மெல்லிய எழுத்து ஆகியவற்றுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, கனமான பேட்ஜ் டிசைன்களை இதில் ஏற்றாமல் இருப்பதே சரி. எட்டுச் சட்டங்களில் மூன்றுதான் எங்களிடம் புழக்கத்தில் இருக்கின்றன. காலணிக்கான சட்டம் எண்ணெய் போட்ட உறையோடு அப்படியே அலமாரியில் கிடக்கிறது. உதிரியாகக் கிடைத்தால் பாக்கெட் சட்டத்தையும் கைக்கான சட்டத்தையும் மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

கேப் செட்டில்தான் விஷயம் அதிகம். இதில் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. மெஷினில் ஏறுவது டிரைவர். தொப்பியைப் பிடிப்பது கேப் பிரேம். டேபிள் ஓரத்தில் மாட்டி, அதன்மேல் வைத்துத் தொப்பியை ஏற்றுவது ஸ்டாண்ட். ஒரு ஹெட்டுக்குக் குறைந்தது இரண்டு கேப் பிரேமாவது வேண்டும், ஒன்று ஓடும்போது இன்னொன்றில் ஹெல்பர் தொப்பியை ஏற்றிக்கொண்டிருப்பார். ஒரே பிரேமோடு செட்டை வாங்குவது வீண். மெஷின் நின்றுகொண்டே இருக்கும்.

தொப்பியை ஏற்றுவது கைப்பழக்கம் சார்ந்த வேலை. உள்பக்க வியர்வைப் பட்டையை வெளியே மடித்து, தைத்த பிறகு கிழித்து எடுக்கும் டியர்-அவே பேப்பரை உள்ளே வைத்து, தொப்பியின் நடுத் தையலை ஸ்டாண்டில் உள்ள சிவப்புக் கோட்டோடு ஒட்டவைத்து, முன்மடலும் தொப்பியும் சேரும் இடத்தில் உலோகப் பட்டை சரியாக உட்காரும்படி இழுத்து, பக்கிளைப் பூட்ட வேண்டும். பட்டை அந்தச் சேர்க்கையிலிருந்து சற்று மேலேறி உட்கார்ந்தாலும் லோகோ சாய்ந்துவிடும்; பூட்டிய பிறகு பின்பக்கத் துணியை இழுத்துக் கிளிப் போடாவிட்டால் தொப்பி ஊசிக்கு அடியில் மேலும் கீழும் துள்ளும். அந்தத் துள்ளல்தான் தொப்பியில் நூல் அறுவதற்கும் ஊசி உடைவதற்கும் பெரும்பாலும் காரணம். டிரைவர் ஊசித் தகட்டுக்கு மேலே அதிக உயரத்தில் நின்றாலும் இதே கோளாறு வரும். டிரைவரை ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும்போது இந்த உயரம் மாறாமல் இருக்க வேண்டும். எங்களிடம் இருக்கும் செட்டின் உண்மையான பலவீனம் அங்கேதான். மெஷின் கம்பெனியின் சொந்த உறுப்பு அல்ல இது. பொருந்தும் என்று சொல்லி விற்கப்பட்ட மாற்று. பிராக்கெட்டின் ஸ்க்ரூத் துளை நீள்வடிவமாக இருப்பதால், இறுக்கும் ஆள் மாறினால் உயரமும் மாறுகிறது. இப்போது சரியான நிலையில் மார்க்கர் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் ஆப்பரேட்டர் ஒருவர் சொன்னார்: "தொப்பி போட்டுட்டு மறுபடி டி-ஷர்ட்டுக்கு வர்றதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டே வந்துரலாங்ணா." கொஞ்சம் மிகைதான் என்றாலும், தொப்பி ஆர்டர்களைச் சேர்த்து வைத்து வாரத்தில் ஒரு நாளில் ஓட்டுவது என்று நாங்கள் முடிவெடுத்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

விற்பனைத்தாளில் டிசைன் உயரம் 75 மில்லிமீட்டர் வரை என்று போட்டிருக்கிறது. உள்ளே கெட்டித்துணி வைத்த ஆறு பேனல் தொப்பியில் 55 அல்லது 60 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அதற்கு மேல் வளைவு தொடங்கிவிடுவதால் எழுத்து நெளியும். பஞ்சிங் செய்பவரிடமும் (டிசைனை மெஷின் படிக்கும் தையல் கோப்பாக மாற்றுபவர்) தொப்பிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டும். தட்டையான துணிக்குச் செய்த டிசைனை அப்படியே தொப்பியில் ஓட்டக் கூடாது. அடியிலிருந்து மேலாகவும், நடுவிலிருந்து இரு பக்கமாகவும் தையல் போக வேண்டும், இல்லாவிட்டால் துணி முன்னால் தள்ளப்பட்டு நடுவில் மடிப்பு விழும். ஊசியை 75/11 அளவிலிருந்து 80/12 கூர்முனைக்கு மாற்றிக்கொண்டு, டி-ஷர்ட்டில் நிமிடத்துக்கு 850 தையலில் ஓட்டும் வேகத்தை 600 அளவுக்குக் குறைத்தால் நடுத் தையல் மேட்டில் ஊசி வளைவது குறைகிறது. இவை எல்லாம் கருவியின் குறையல்ல, தொப்பியின் இயல்பு. ஆனால் மாற்றும் நேரத்தைக் கணக்கிடும்போது இவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆறு, பன்னிரண்டு ஹெட் மெஷின் வைத்திருப்பவர்கள் காந்த வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கேப் டிரைவரை ஒவ்வொரு ஹெட்டுக்கும் தனித்தனியாக ஏற்றி, எல்லாவற்றின் உயரத்தையும் ஒன்றாக வைப்பதற்குள் அரை ஷிப்டு போய்விடும். அவர்களுக்குத் தொப்பி வேலை நிலையாக வருமானால், பழைய ஒற்றை ஹெட் மெஷின் ஒன்றை வாங்கி அதைத் தொப்பிக்கென்றே விட்டுவிடுவது மலிவாக முடியும்.

எதை வாங்கினாலும் ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டு ஆர்ம்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து, மெஷினின் மாடல் எண்ணோடு சேர்த்து விற்பவருக்கு அனுப்ப வேண்டும். ஜப்பானிய எம்பிராய்டரி மெஷின் கம்பெனியான தஜிமாவின் பாணி என்று சொல்லப்படும் பிராக்கெட் பல சீன மெஷின்களிலும் ஏறுகிறது என்றாலும், அகலத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே வளையம் ஒரு பக்கம் ஆடும். கேப் பிரேமில் சீக்கிரம் தேய்வது உலோகப் பட்டையும் அதன் பக்கிளும்தான். எங்களுக்கு விற்ற கடையில் பட்டை மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு பிரேமையே மறுபடி வாங்க வேண்டும் என்று பின்னால்தான் சொன்னார்கள். உதிரிப்பட்டை தனியாகத் தருவோம் என்று பில்லிலேயே எழுதித் தராதவரிடம் கேப் செட் வாங்க வேண்டாம்.