ஆறு அளவுகளைக் காட்டும் மயக்கக் கண்காணிப்புக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நாய், பூனைகளுக்கான என் சிறிய சிகிச்சையகத்தில் ஓராண்டாகப் பயன்படுத்திவரும் மானிட்டரைப் பற்றி, அது போன்ற ஒன்றை வாங்க எண்ணியிருக்கும் சக கால்நடை மருத்துவர்களுக்காக எழுதுகிறேன். ஈசிஜி, ரத்த ஆக்சிஜன் செறிவு, ரத்த அழுத்தம், மூச்சு வீதம், உடல் வெப்பம், வெளிமூச்சின் கரியமில வாயு ஆகிய ஆறையும் ஒரே திரையில் காட்டும் கருவி இது. கீழே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகளுக்கே பொதுவானவை என்பதால், தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கொடுத்த பணத்துக்கு ஈடான பயன் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில்தான் கிடைத்தது. நம்மில் பலர் மயக்கத்தில் உள்ள விலங்கின் நிலையை அறிய ஆக்சிமீட்டரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும் ஒரு நாயின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 500 மி.மீ. பாதரசத்தை நெருங்கக்கூடும், அது 100-க்கு இறங்கும் வரை ஆக்சிமீட்டர் செறிவை 98, 99 விழுக்காடு என்றே காட்டிக்கொண்டிருக்கும், 90 என்று காட்டும்போது அழுத்தம் ஏறத்தாழ 60-க்கு வந்துவிட்டிருக்கும். புரோபோஃபால் என்ற மயக்க ஊசி மருந்தைக் கொடுத்தவுடன் மூச்சு நின்றுபோனால் ஆக்சிமீட்டர் அதைத் தாமதமாகவே சொல்லும். கேப்னோகிராஃபின் அலையோ அடுத்த மூச்சு வரவேண்டிய நேரத்திலேயே தட்டையாகிவிடும். இயல்பான அளவு 35 முதல் 45 மி.மீ.; மயக்கத்தில் 50-ஐச் சற்றுத் தாண்டினாலும் நான் பதறுவதில்லை.

ஒருமுறை, உள்மூச்சின்போது சுழியத்தைத் தொட வேண்டிய அலையின் அடிக்கோடு படிப்படியாக மேலேறியது. வெளிவிட்ட காற்றையே நாய் மீண்டும் இழுக்கிறது என்பது அதன் பொருள். காரணம், வெளிமூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சோடா லைம் தீர்ந்துபோயிருந்ததுதான். தீர்ந்ததன் அடையாளமாக முந்தைய நாள் ஊதா நிறமாகியிருந்த அது, இரவு சும்மா கிடந்ததில் மீண்டும் வெளுத்திருந்தது. காலையில் நிறத்தை மட்டும் பார்த்து மாற்றாமல் விட்டது என் தவறு. கருவி இல்லாதிருந்தால் வால்வையும் குழாயையும் சந்தேகித்து வெகுநேரம் கழித்திருப்பேன். இதற்கும் ஓர் எல்லை உண்டு. மாதிரிக் காற்றை உறிஞ்சி அளக்கும் வகை என்பதால், இரண்டு கிலோ பூனைக்குட்டியில் வெளிமூச்சு புதுக் காற்றோடு கலந்து, உண்மையைவிடக் குறைந்த எண் வருகிறது. மாதிரிக் குழாயில் ஈரம் தேங்கினாலும் அளவு கெடும். ஆகவே உபரிக் குழாய்களைச் சேர்த்தே வாங்குங்கள். உறிஞ்சிய காற்றில் மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனும் இருப்பதால், அதை அறைக்குள் விடாமல் கழிவு வாயுக் குழாயில் இணைத்துவிடுங்கள்.

ரத்த அழுத்தப் பகுதியில் எனக்கு அரைத் திருப்திதான். காலில் சுற்றி ஊதும் பட்டையான கஃப்பின் அகலம், அந்தக் காலின் சுற்றளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு இருக்க வேண்டும். குறுகலானது அழுத்தத்தைக் கூட்டியும், அகலமானது குறைத்தும் காட்டும். பெட்டியோடு வந்த கஃப்கள் என் பூனைகளில் பாதிக்குக்கூடப் பொருந்தவில்லை. சராசரி அழுத்தம் 60-க்குக் கீழே போகும்போது, அதாவது அந்த எண் மிகவும் தேவைப்படும் நேரத்தில், கருவி ஊதி ஊதி இறுதியில் கோடுகளை மட்டும் காட்டும். அதனால் ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் பழைய டாப்ளர் கருவியை இன்னும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறேன்.

நாக்கில் மாட்டும் ஆக்சிமீட்டர் கிளிப், நாக்கு உலர்ந்தாலும் சைலசின் போன்ற மருந்துகளால் ரத்தக் குழாய்கள் சுருங்கினாலும் தடுமாறுகிறது. கிளிப்புக்கும் நாக்குக்கும் இடையே ஈரத் துணியை வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈசிஜி, பூனைகளில் ஒவ்வொரு துடிப்பின் இறுதியிலும் வரும் டி அலை உயரமாக இருந்தபோது, அதையும் தனித் துடிப்பாக எண்ணி இரட்டிப்பு வேகத்தைக் காட்டியதுண்டு. அதைவிட முக்கியமானது, நாடி நின்ற பிறகும் சிறிது நேரம் ஈசிஜி ஒழுங்காக ஓடக்கூடும் என்பது. தொடைத் தமனியில் விரல் வைத்துப் பார்க்கும் உதவியாளர் ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டும். மயக்கத்தின் ஆழத்தையும் இக்கருவி சொல்லாது. கண்விழி கீழ்நோக்கித் திரும்பியிருப்பதையும், இமை அனிச்சை மறைந்திருப்பதையும், தாடையின் தளர்வையும் அவரே பார்க்க வேண்டும். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்த விலங்கில் விழி நடுவிலேயே நிற்கும், இமையும் துடிக்கும் என்பதால், கண்ணை மட்டும் நம்பவும் முடியாது.

என் பெரிய மனக்குறை அலாரத்தைப் பற்றியது. அதன் எல்லைகள் வயதுவந்த மனிதருக்கு உரியவை. நிமிடத்துக்கு 180 துடிப்புள்ள பூனைக்கு அது இடைவிடாமல் அலறுகிறது. நான் மாற்றியமைத்த எல்லைகள் கருவியை அணைத்தவுடன் அழிந்துவிடுகின்றன. சலித்துப்போன உதவியாளர் ஒலியையே நிறுத்திவிட்டதை ஒருநாள் தற்செயலாகக் கண்டேன். இப்போது ஒவ்வொரு அறுவைக்கு முன்பும் எல்லைகளை அமைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைத் தாளில் எழுதச் செய்கிறேன்.

எடை குறைவு என்பதை விற்பனையாளர் பெரிதாகச் சொல்லவில்லை. எனக்கோ அது பெரும் வசதி. பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், மயக்கத்தோடு தொடர்புடைய பூனை இறப்புகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் அறுவை முடிந்த பிறகே நேர்ந்திருந்தன, அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆகவே தையல் முடிந்ததும் கருவியைக் கழற்றாமல், விலங்கோடு சேர்த்து மீட்புக் கூண்டுக்கே எடுத்துச் செல்கிறேன். மின்கலம் நான்கு மணி நேரம் தாங்கும் என்றார்கள். என்னிடம் இரண்டரையைத் தாண்டியதில்லை. கூண்டருகே ஒரு மின்செருகி அமைத்துக்கொண்டேன்.