சீட்டில் அடங்காத பிள்ளையை சைக்கிளில் எப்படி ஏற்றுவது?

பின்னால் மாட்டும் குழந்தை சீட்டுகளில் பெரும்பாலானவை 22 கிலோ வரைதான் தாங்கும். என் மகள் அந்த எடையை எட்டும் முன்பே அவள் முழங்கால் என் இடுப்பில் இடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்து என்ன?

வெறும் கேரியரில் உட்கார வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். கேரியரில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கும், பலவற்றில் 25தான். புத்தகப் பையும் அதில் சேர்த்தி. எடையைவிட எனக்குப் பயம் காலைப் பற்றித்தான். தொங்கும் கால் பிள்ளை கண்ணயர்ந்ததும் உள்ளே சாயும். குதிகால் ஸ்போக்ஸுக்குள் மாட்டினால், பிரேக் பிடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். கால் வைக்கக் கட்டையும், சக்கரத்தை மூடும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லாமல் இதைச் செய்யவே வேண்டாம்.

சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் இரண்டு சக்கரக் கூண்டு வண்டியான ட்ரெயிலர் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. வளர்ந்தவர்களுக்குத் தலை தட்டும்.

ட்ரெயிலர் பைக் வேறு ரகம். முன்சக்கரம் இல்லாத குட்டி சைக்கிள். அதன் நீண்ட கம்பியை நம் சீட்டுத் தண்டிலோ, அதற்கென்றே வரும் கேரியரிலோ மாட்ட வேண்டும். பிள்ளைக்குத் தனி பெடல் உண்டு. "அப்பா, நீங்க சும்மா இருங்க, நான் மிதிக்கிறேன்" என்று மேட்டில் கத்துவாள். அந்த உதவி நிஜமாகவே காலில் தெரியும். ஆனால் அவள் ஒரு பக்கம் சாய்ந்து நாயைப் பார்த்தால் என் வண்டியும் அந்தப் பக்கம் இழுக்கும். சீட்டுத் தண்டில் மாட்டுவதில் இந்த ஆட்டம் அதிகம், கேரியரில் மாட்டுவதில் குறைவு. தூங்கி வழியும் பிள்ளைக்கு இது ஆகவே ஆகாது.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது லாங்டெயில். பின்சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி, கேரியரை நீளமாக்கிய சைக்கிள். பின்சக்கரம் சின்னதாக உள்ள மாடலில் பிள்ளை தாழ்வாக உட்காருவதால் வண்டி தள்ளாடுவது குறைவு. பையையும் பக்கவாட்டில் தொங்கவிடலாம். குறை இரண்டு: விலை, கனம். மாடிப்படியில் தூக்கிப் போகிறவர்கள் இதை மறந்துவிடலாம்.

வாங்கினால் அகலமான இரட்டைக்கால் ஸ்டாண்டோடு வாங்குங்கள். ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிற்கும்போது என் மகள் ஏறப்போய், வண்டி மொத்தமும் என் தொடையில் சாய்ந்தது. ஒரு வாரம் நொண்டினேன்.